அளவோடு அனுப்பிய மின்சாரம்

அரங்கத்தின் பின்னறை,
சனிக்கிழமை, பிற்பகல்.

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் மகனுக்குப் பெண் கொடுத்தவன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவியும் மகளும் மாப்பிள்ளையும் இந்த நிமிடம் வரை உயிரோடு இருக்கிறோம். நலமா என்பதைக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகு தாங்களே முடிவு செய்துகொள்ளலாம். அங்கு தாங்களும் தங்கள் முழங்காலும் மருந்துக்கடையும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

போனில் சொல்லாமல் இதென்ன கடிதம் என்று தாங்கள் நினைக்கலாம். இரண்டு காரணங்கள். போனில் மாப்பிள்ளை பேச்சை எடுத்தாலே "கடையில ஆள் நிக்கிறாங்க, வெச்சிடறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. வைத்தாலும் அது மேஜையில் கிடந்து தங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும். இன்னொரு காரணம், என் போனை என் மகள் பிடுங்கி வைத்திருக்கிறாள். கிடாருக்குப் பக்கத்தில் போன் இருந்தால் ஸ்பீக்கரில் டிர்ர் டிர்ர் என்று கேட்குமாம். இன்றைக்கு ஸ்பீக்கரில் வேண்டாதது எதுவுமே கேட்கக் கூடாது. போனைப் பிடுங்கியதோடு என்னையும் இந்த அறையில் உட்கார வைத்து, கூப்பிடும்வரை எதையும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். பேனாவைத் தொடலாமா என்று கேட்கவில்லை, தொட்டுவிட்டேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். பாதி தங்களுக்குத் தெரியும். இருந்தாலும் முப்பது வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவன், கீழ்த் தளத்திலிருந்து கிளம்பினால்தான் எனக்கு மேலே போக வரும். தங்கள் கடைக் கல்லாவை விட்டுவிட்டு மாப்பிள்ளை கிடாரைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது தாங்கள் ஒரு வருஷம் கெடு கொடுத்தீர்கள். அதற்குள் ஒழுங்கான இசைக்குழு ஒன்றில் இடம் பிடிக்காவிட்டால் திரும்பி வந்து கடையில் உட்கார வேண்டும் என்றீர்கள். அவரும் ரோஷத்தில் சரி என்றுவிட்டு, மனைவியோடு என் வீட்டு மாடிக்கு வந்துவிட்டார். அன்றிலிருந்து அப்பாவும் பிள்ளையும் பேசுவதில்லை. எல்லாச் செய்தியும் என் வழியாகத்தான் போய் வருகிறது. அவன் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறானா என்று தாங்கள் கேட்பதை நான் மாடிக்குக் கொண்டுபோய்ச் சொல்கிறேன், அப்பா முழங்காலுக்கு ஊசி போட்டாரா என்று அவர் கேட்பதைத் தங்களிடம் போனில் சொல்கிறேன். எனக்கென்று சொந்தமாக நான் ஒரு வார்த்தை பேசியே பல மாதம் ஆகிறது. அந்தக் கெடு இந்த மாதத்தோடு முடிகிறது.

இன்று மாலைதான் கடைசி வாய்ப்பு. ஊர் ஊராகப் போய் வாசிக்கிற குழு, பெயர் சொன்னால் தங்களுக்கே தெரியும், தங்கள் கடை ரேடியோவிலும் கேட்டிருப்பீர்கள். கிடார்காரர் இடம் காலியாக இருக்கிறது. மாப்பிள்ளையை ஒரு நிகழ்ச்சி வாசிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு முடிவு செய்வதாகக் குழுத் தலைவர் சொல்லியிருக்கிறார். அவர் காது பொல்லாத காது. ஒத்திகையின்போது மாப்பிள்ளையிடம் அவர் சொன்னதை நானே பக்கத்தில் நின்று கேட்டேன். "சுரம் தப்பினா திருத்திக்கலாம் தம்பி. இரைச்சல் வந்தா எனக்கு வேண்டாம்." முதல் பாட்டு வேறு, கிடார் மட்டும் தனியாகத் தொடங்குகிற பாட்டு. மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். இரைச்சல் இருந்தால் ஒளிந்துகொள்ள ஒரு மூலைகூடக் கிடையாது.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். மாப்பிள்ளையின் காலடியில் ஒரு பலகை இருக்கிறது. அதன்மேல் சோப்பு டப்பா அளவில் எட்டுப் பெட்டிகள். பெடல் என்கிறார்கள். கிடாரின் சத்தம் வரிசையாக அவற்றுக்குள் புகுந்து வெளியே வருகிறது. எதை மிதிக்கிறாரோ அதற்கேற்றபடி சத்தம் மாறுகிறது. டிலே என்று ஒன்று, வாசித்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லும். ஃபஸ் என்று ஒன்று, நல்ல சத்தத்தைத் தொண்டை கட்டியதுபோல் ஆக்கும். காசு கொடுத்து எதற்கு இதை வாங்குகிறார்கள் என்று கேட்டேன், அதுதான் அழகாம். எட்டுப் பெட்டிக்கும் ஒரே அடாப்டரிலிருந்து மாலை தொடுத்த மாதிரி மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. அதுதான் வினை. டிலே உள்ளுக்குள் கம்ப்யூட்டர் மாதிரி வேலை செய்கிற பெட்டி, அது போடுகிற முனகல் எல்லாப் பெட்டிக்கும் கேட்டது. பொதுச் சுவர் வைத்துக் கட்டிய வீடுகளில் ஒரு வீட்டுச் சண்டை எட்டு வீட்டுக்கும் கேட்பதில்லையா, அப்படி.

இது தெரியாமல் நான் எங்கள் வீட்டு ஒயரிங்கைச் சந்தேகப்பட்டேன். ஒவ்வொரு ஸ்விட்சாக அணைத்துக்கொண்டே வந்தேன். பிரிட்ஜை நிறுத்தினேன், பால் திரிந்தது. மாடி பம்பை நிறுத்தினேன், தொட்டி காய்ந்தது. கூடத்து விளக்கில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு ஒன்று உண்டு, அதை நிறுத்தியதும் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. பாதி வெற்றி கிடைத்தால் விடுவேனா. ஒரு வாரம் இருட்டில் சாப்பிட்டோம். என் மனைவி குழம்பென்று நினைத்துத் தண்ணீரைச் சோற்றில் ஊற்றிக்கொண்ட அன்று, வீட்டுக்கு விளக்கா நானா என்று ஒரு கேள்வி எழுந்தது, விளக்கைப் போட்டுவிட்டேன். நடுவில் மாப்பிள்ளையின் நண்பர், டிரம்ஸ் அடிக்கிறவர், ஸ்பீக்கர் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டால் இரைச்சல் போய்விடும் என்று யோசனை சொன்னார். இரைச்சலும் போகும், வாசிக்கிற ஆளும் போய்விடுவார் என்று சொல்லி, அவர் போகும்வரை பிளக்கின்மேலேயே உட்கார்ந்திருந்தேன். என் மகளின் வாழ்க்கை அந்தப் பின்னில் இருக்கிறது.

இந்த நிலையில்தான் தங்கள் பார்சல் வந்தது. எட்டுப் பெட்டிக்கும் தனித்தனியாக எட்டு வழி வைத்த புது பவர் சப்ளை. ஒரு வழியில் நடப்பது இன்னொரு வழிக்குத் தெரியாது. பொதுச் சுவரை இடித்துவிட்டுத் தனித்தனி வீடாகக் கட்டியாயிற்று. தாங்கள் அனுப்பியது என்று அவருக்குத் தெரியக் கூடாது, நானே வாங்கியதாகச் சொல்ல வேண்டும் என்று தாங்கள் போனில் சொன்னதை எழுத்துக்கு எழுத்து காப்பாற்றினேன். தங்கள் முகவரி எழுதிய அட்டைப் பெட்டியைக் கொல்லையில் போட்டு எரித்தேன். சாம்பலையும் கிளறிப் பார்த்தேன். ஒரு தடயம் இல்லை. உள்ளே தாங்கள் மருந்துப் பொடி மடிப்பதுபோலப் பழுப்புத் தாளில், பசையும் இல்லாமல் நூலும் இல்லாமல், ஓரத்துக்குள் ஓரத்தைச் செருகி மடித்திருந்த அழகை நானும் என் மனைவியும் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். பிரிக்க மனம் வராமல் அப்படியே மாப்பிள்ளை கையில் கொடுத்து, நான் வாங்கியது என்றேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்தக் கடை மாமா?" என்றார். லிப்ட் சாமான் விற்கிற கடை என்றேன். ரொம்ப நன்றி என்றார். செய்யாத நல்ல காரியத்துக்கு நன்றி வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரைச்சல் போனது. வீடு அத்தனை நிசப்தமாக இருந்து நான் கேட்டதில்லை. ஆனால் ஒரு விஷயம் என்னை உறுத்தியது. ஏழு பெட்டிகளைப் புதிய சப்ளையில் இணைத்தவர், டிலேவை மட்டும் பழைய அடாப்டரிலேயே விட்டுவிட்டார். புது சப்ளையில் எட்டாவது துளை சும்மா கிடந்தது. ஏன் என்று கேட்டேன். "இருக்கட்டும் மாமா" என்றார். ஒரு இணைப்புப் புள்ளி காலியாக இருந்தால் எனக்குத் தூக்கம் வராது, அது என் தொழில் வியாதி.

பிறகு, எட்டில் ஒன்றான பஃபர்மேல் என் கண் போனது. நீளமான ஒயரில் போகும்போது கிடார் சத்தத்தின் கூர்மை வழியிலேயே மழுங்கிவிடுகிறதாம், போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். பஃபர் என்பது நடுவில் நின்று, வந்த சத்தத்தைத் தெம்பாக அடுத்தவரிடம் ஒப்படைக்கிற பெட்டி. தனக்கென்று அதற்குச் சொந்தச் சத்தம் கிடையாது. எனக்கு அதை ரொம்பப் பிடித்துப்போயிற்று. தெம்பு கொடுக்கிறதை வாசலிலேயே வைக்க வேண்டும் என்று நானாகவே அதை வரிசையில் முதலாவதாக மாற்றிவிட்டேன். அதற்கடுத்து நின்ற ஃபஸ், தொண்டை கட்டியதுபோல் பாட வேண்டியது, காதுக்குள் புகுந்த கொசு மாதிரி கத்தியது. மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே பஃபரைக் கழற்றி ஃபஸ்ஸுக்குப் பின்னால் வைத்தார். "மத்ததுக்கெல்லாம் இது நடுவுல இருக்கறது நல்லது மாமா. ஃபஸ்ஸுக்கு மட்டும் கிடாரோட நேரா பேசணும். நடுவுல ஆள் இருந்தா அதுக்குப் பிடிக்காது" என்றார். பெட்டிக்குக்கூட இத்தனை ரோஷமா என்று நினைத்துக்கொண்டேன்.

இனிதான் சம்பந்தி, நான் காரியத்தைக் கெடுத்த இடம். இன்று காலை மாப்பிள்ளை குளிக்கப் போயிருந்தார். பலகை கூடத்தில் கிளம்பத் தயாராக இருந்தது. எட்டுப் பெட்டியும் பளபளவென்று வரிசையாக இருக்க, ஓரத்தில் அந்தப் பழைய அடாப்டர் ஒட்டுப்போட்ட ஒயரோடு எலி வால் மாதிரி தொங்கியது. பெரிய மனிதர்கள் வருகிற இடம், மாப்பிள்ளை பலகை இப்படியா போக வேண்டும் என்று தோன்றியது. டிலேவைக் கழற்றி எட்டாவது துளையில் செருகினேன். ஒன்பது வோல்ட்டுக்கு ஒன்பது வோல்ட், பிளஸ் மைனஸ் இரண்டும் சரி. விளக்கு எரிந்தது. அந்த நேரம் பார்த்துக் குப்பை வண்டி வாசலில் வந்து நின்றது. பழைய அடாப்டரை அதில் போட்டேன். போட்டுவிட்டுக் கையையும் தட்டிக்கொண்டேன். விளக்கு எரிகிறது என்பதற்காக லிப்ட் ஓடும் என்று நம்பாதே என்று எத்தனை பேருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவன் நான். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

மத்தியானம் இங்கே மேடையில் சத்தம் சரிபார்த்தார்கள். தலைவர் முன் வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை டிலேவை மிதித்து நாலு சுரம் வாசித்தார். டிலே அதை ஒரு முறை திருப்பிச் சொன்னது. இரண்டாவது முறை பாதி சொன்னது. அப்புறம் விளக்கு அணைந்து, எரிந்து, மறுபடி அணைந்தது. தலைவர் கண்ணைத் திறக்கவில்லை, புருவத்தை மட்டும் தூக்கினார். மாப்பிள்ளை குனிந்து, டிலேயிலிருந்து போகிற ஒயரை விரலால் தடவிக்கொண்டே வந்தார். விரல் எட்டாவது துளையில் வந்து நின்றது. பிறகு என்னைப் பார்த்தார்.

"பழைய அடாப்டர் எங்க மாமா?"

சொன்னேன்.

"சரி மாமா" என்றார். அந்தச் சரிக்குப் பதில் ஓர் அறை விட்டிருக்கலாம், வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அப்புறம்தான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சப்ளையின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்தேன். ஒவ்வொரு வழியும் கொடுக்கக்கூடிய மின்சாரம் நூறு மில்லி ஆம்பியர். டிலேயின் முதுகில் முந்நூறு வேண்டும் என்று எழுதியிருக்கிறது. இங்கே ஒலி பார்க்கிறவரிடம் அடாப்டர் இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டு கொடுத்தார். ஒன்று பன்னிரண்டு வோல்ட். இன்னொன்றில் பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறியிருந்தன, செருகியிருந்தால் டிலே புகையாகப் போயிருக்கும். என் மகள் இரண்டு போனையும் எடுத்துக்கொண்டு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வெளியே போனாள். போகிற வழியில் என்னை இந்த அறையில் போட்டாள்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, கேட்கத்தான் போகிறேன். எதுக்கு இதை அனுப்பினீங்க? கடைக்காரர்கிட்ட முந்நூறும் ஐநூறும் இருந்திருக்கும். நூறை எதுக்குத் தேடி எடுத்தீங்க? பையன் இன்னிக்குத் தோத்தா நாளைக்குக் கல்லாவுல வந்து உட்காருவான்னா? நல்லது செய்யற மாதிரி செஞ்சு, அதுவும் என் கையால கொடுக்க வெச்சு, எட்டாவது துளைன்னு ஒண்ணைக் காலியா விட்டு, இந்தக் கிழவன் சும்மா இருக்க மாட்டான்னு தெரிஞ்சு அனுப்பினீங்களா? மகளைப் பெத்தவன் கேக்கறேன், பதில் சொல்லுங்க.

மேலே உள்ளதை எழுதிவிட்டுத் தண்ணீர் குடித்தேன். குடித்த பிறகு, பார்சல் அனுப்பிய அன்று தாங்கள் போனில் சொன்னது நினைவுக்கு வந்தது. அப்போது புரியாமலே சிரித்து வைத்தேன். "கடைக்காரன் ஐநூறை என் தலையில கட்டப் பார்த்தான் சம்பந்தி. அந்தப் பெட்டிகளுக்குப் பத்தும் இருபதுமே போதும், அதுல போய் ஐநூறைக் கொடுத்தா தாங்குமா? நூறே அதிகம்னு கண்டிப்பா சொல்லிட்டேன். அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சு." இப்போதுதான் விளங்குகிறது. தாங்கள் மில்லி ஆம்பியரை மில்லிகிராம் என்று எடுத்துக்கொண்டீர்கள். பிள்ளைக்கு மருந்து மிஞ்சிவிடக் கூடாது என்று பார்த்திருக்கிறீர்கள். ஐயா, மின்சாரம் அப்படியில்லை. வோல்ட் மட்டும்தான் பொருந்த வேண்டும். ஆம்பியர் எவ்வளவு இருந்தாலும் பெட்டி தனக்கு வேண்டியதைத்தான் எடுக்கும். எட்டுப் பேர் ஏறலாம் என்று எழுதிய லிப்டில் ஒரு ஆள் ஏறினால் அவரை ஒன்றும் செய்யாது, சௌகரியமாகப் போவார். ஒரு ஆள் லிப்டில் மூன்று பேர் ஏறினால்தான் நடுவழியில் நிற்கும். இன்றைக்கு மேடையில் நின்றது அதுதான்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஃபஸ்ஸுக்குப் பத்துகூட வேண்டாமாமே என்று அன்றைக்குச் சொன்னீர்கள். மாப்பிள்ளை பலகையில் ஃபஸ் இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். கடையில ஆள் நிக்கிறாங்க என்று வைத்துவிட்டீர்கள். பிள்ளையின் பலகையைப் பற்றி அத்தனை விசாரித்தவர் கெடுதல் நினைத்திருக்க மாட்டீர்கள், மேலே எழுதியதை மன்னித்துவிடுங்கள். கிழித்துவிடலாம் என்றால் இதே தாளின் பின்பக்கம் பஃபரைப் பற்றி எழுதியிருக்கிறேன், அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை.

வாட்ச்மேன் வருகிறார், கையில் ஏதோ இருக்கிறது. நிறுத்துகிறேன்.

இரவு.

விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். வாட்ச்மேன் கொண்டுவந்தது கையடக்கமான ஒரு பொட்டலம். யாரோ வாசலில் கொடுத்துவிட்டு, கிடார் வாசிக்கிற தம்பியிடம் சேர்க்கச் சொன்னார்களாம். வாங்கிக்கொண்டு மேடைக்கு ஓடினேன். பழுப்புத் தாள், பசையில்லை, நூலில்லை. பிரித்தால் புத்தம் புது அடாப்டர், ஒன்பது வோல்ட், பிளஸ் மைனஸ் சரி, ஆயிரம் மில்லி ஆம்பியர். என் மகள் எந்தக் கடைக்குப் போன் செய்தாளோ தெரியாது, அந்தக் கடைக்காரர் நன்றாக இருக்க வேண்டும். மடிப்பும் தங்கள் மடிப்பு மாதிரியே இருந்தது, கடைக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் மடிப்பார்கள் போலிருக்கிறது. மாப்பிள்ளை அடாப்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்தத் தாளையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் அதைப் பழைய மடிப்பிலேயே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இத்தனை பதற்றத்திலும் ஒரு தாளை வீணாக்காத பிள்ளை, தங்கள் வளர்ப்பு.

அரங்கம் நிறைந்துவிட்டது. நான் மேடை ஓரத்துத் திரைக்குப் பின்னால் நின்றேன், எதையும் தொடாமலிருக்க இரண்டு கையையும் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு. விளக்கெல்லாம் அணைந்து மாப்பிள்ளைமேல் மட்டும் ஒன்று விழுந்தது. அவர் உடனே தொடங்கவில்லை. ஸ்பீக்கரைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றார். இரைச்சலிருந்தால் கேட்கட்டும் என்று நிற்கிற மாதிரி நின்றார். சம்பந்தி, ஒரு சத்தமில்லை. யாரோ நாற்காலியில் நகர்ந்தது கேட்டது. என் நெஞ்சு அடித்துக்கொள்வது மைக்கில் போய்விடுமோ என்று பயந்து பின்னால் நகர்ந்தேன். தலைவர் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் மாப்பிள்ளை டிலேவை மிதித்து, அந்த நாலு சுரத்தை வாசித்தார். டிலே திருப்பிச் சொன்னது. மறுபடி சொன்னது. மறுபடியும் சொன்னது. விளக்கு அணையவில்லை. அது சொல்லச் சொல்ல அதன்மேல் அவர் வேறொன்றை வாசித்தார், ஒரே ஆள் மூன்று ஆளாக நின்று வாசித்த மாதிரி இருந்தது. எனக்குச் சங்கீதம் தெரியாது. அழுதேன்.

முடிந்ததும் தலைவர் மேடைக்கு வந்து பலகையைக் குனிந்து பார்த்தார். "அடுத்த மாசம் ஊர் ஊரா போறோம். இதைத் தூக்க ஆள் இருக்கா தம்பி?" என்றார். அவ்வளவுதான். அதற்கு இடம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம் என்று என் மகள்தான் என்னை உலுக்கிச் சொன்னாள்.

ஆகவே சம்பந்தி, மாப்பிள்ளை இனி கல்லாவுக்கு வர மாட்டார். தங்களுக்கு இது கசக்கும் என்று தெரியும். மகன் கல்யாணத்தன்றுகூடக் காலையில் கடையைத் திறந்து இரண்டு சீட்டுக்கு மருந்து கொடுத்துவிட்டு மணமேடைக்கு வந்த மனிதர் தாங்கள். அந்தக் கடைக்கு வாரிசு இல்லாமல் போகிறது என்பது சின்ன விஷயமில்லை. ஆனாலும் ஒரு முறை வந்து அவர் வாசிப்பதைக் கேளுங்கள். டிக்கெட் நான் வாங்கி வைக்கிறேன், ஓரமாக உட்காருங்கள், வந்தது யாருக்கும் தெரிய வேண்டாம். பவர் சப்ளை விஷயத்தில் தங்கள் பெயர் வெளியே வராது. அந்த ரகசியம் என்னோடு மண்ணுக்குள் போகும்.

தங்கள் முழங்கால் குணமாகவும், கடையும் வாடிக்கையும் ஓங்கவும், தாங்கள் நீடூழி வாழவும் எங்கள் வீட்டிலிருந்து எல்லோரும் வேண்டிக்கொள்கிறோம். சம்பந்தியம்மாவுக்கு என் மனைவியின் அன்பான விசாரிப்புகள்.

என்றும் தங்கள் சொல்லைத் தட்டாத,
சம்பந்தி.

பி.கு.: மேலே எழுதிய எதையும் தாங்கள் படிக்க வேண்டியதில்லை. இதை உறையில் போடும்போது என் மகள் போனைத் திருப்பித் தர வந்தாள். யாருக்கு இத்தனை பக்கம் என்று கேட்டாள். ஊரில் இருக்கிற உன் மாமனாருக்கு என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கையைப் பிடித்து அரங்கத்துக்குள் கூட்டிப்போனாள். எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். கடைசி வரிசையில், வெளியே போகிற கதவுக்குப் பக்கத்து நாற்காலியில், காலை நீட்டிக்கொண்டு தாங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். டிக்கெட் அனுப்பியதே அவள்தானாம். மத்தியானம் அவள் போன் செய்தபோது தாங்கள் எதிர்ப்பக்கத்து டீக்கடையில்தான் இருந்தீர்களாம். அந்த முழங்காலோடு கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் கிடைத்த கடையில் "அளவெல்லாம் பாக்காதீங்க, இருக்கறதுலயே பெருசைக் கொடுங்க" என்றீர்களாம். ரகசியமும் நான் மண்ணுக்குள் கொண்டுபோகத் தேவையில்லை. மாப்பிள்ளையைக் கேட்டேன். "அந்த மடிப்பு எனக்குத் தெரியாதா மாமா? என் பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு அட்டை போட்டதே அப்படித்தான்" என்று கிடார் பையிலிருந்து முதல் தாளையும் எடுத்துக் காட்டினார். அப்படியானால் நூறு போதாது என்றும் தெரியுமா என்றேன். தெரியுமாம். "அப்பா வாங்கிக் கொடுத்ததைப் பத்தலைன்னு எப்படிச் சொல்றது" என்றார்.

நடைபாதையில் தாங்கள் இருவரும் எதிரெதிரே நின்றபோது நான் வழக்கம்போல நடுவில் போய், சம்பந்தி விசாரிக்கிறார் என்று தொடங்கினேன். இருவரும் பார்த்த பார்வையில், ஃபஸ்ஸுக்கு ஏன் நடுவில் ஆள் பிடிப்பதில்லை என்று புரிந்தது. ஒதுங்கி வந்து சுவரோரம் நின்றுதான் இதை எழுதுகிறேன்.

"கடையை யாருப்பா பாத்துக்கறா?"

"பூட்டிட்டு வந்தேன்."

மாப்பிள்ளை குனிந்து பலகையின் ஒரு முனையைத் தூக்கினார், மறு முனையைத் தாங்கள் தூக்கிக்கொண்டீர்கள். மெல்லப் போங்கள் சம்பந்தி, படி செங்குத்து, இந்தக் கட்டடத்தில் லிப்ட் கிடையாது.